பெரிய பூலியன், சிறிய பூலியன்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

இம்முறை வந்த கணினிக் கடிதங்களில் ஆறு, ஆம்-இல்லை என்னும் இரண்டே மதிப்புகள் கொண்ட 'பூலியன்' என்ற தரவு வகையைச் சுற்றி எழுந்தவையாக இருந்தன. தஞ்சையிலும் நாகையிலும் இருந்து தனித்தனியே எழுதியவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டு எழுதியது போல இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஜாவா நிரல்மொழியில் 'ட்ரூ' (மெய்), 'ஃபால்ஸ்' (பொய்) இரண்டையும் வைத்துக்கொள்ளச் சிறிய 'பி' போட்ட பூலியன் என்ற அடிப்படை வகை இருக்கிறது. பிறகு அதே பெயரில் பெரிய 'பி' போட்ட ஒரு கிளாஸ் எதற்கு? வகுப்பில் கேட்டபோது, 'ஜாவா ஆப்ஜெக்ட் மொழி, அதனால்தான்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். என் இறுதியாண்டுத் திட்டப்பணியில் எதைப் பயன்படுத்துவது?
(பொறியியல் மாணவி, கும்பகோணம்)

பதில்: வகுப்பில் சொன்னது தவறில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஜாவாவில் எட்டு அடிப்படை வகைகள் உண்டு. அவை வெறும் மதிப்புகள். ஆனால் லிஸ்ட், மேப் போன்ற தொகுப்புகள் ஆப்ஜெக்ட்டுகளை, அதாவது மதிப்பையும் அதைக் கையாளும் மெத்தட் என்ற செயல்பகுதிகளையும் சேர்த்துக் கட்டிய பொருள்களை, மட்டுமே ஏற்கும் என்பதால், சிறிய பூலியனை அவற்றுக்குள் நேரடியாகப் போட முடியாது. உங்கள் ஊர் வெற்றிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் போட ஓர் இலை போதும். வெளியூருக்கு ஏற்ற வேண்டுமானால் கவுளியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். ஜாவாவின் பெரிய பூலியன் ஒரே ஓர் இலையை வைத்துக் கட்டிய கவுளி. 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பு வரை அந்தக் கட்டை நாமே கட்டி, நாமே பிரித்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு நாம் எழுதும் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தேவையான இடத்தில் கட்டவும் பிரிக்கவும் தொடங்கியது. இதைத்தான் ஆட்டோபாக்ஸிங் என்கிறார்கள். வசதிதான், ஆனால் கட்டும் கை கண்ணுக்குத் தெரியாமல் போனதால், கட்டு இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிட்டார்கள்.

கட்டிய பின் அந்த மதிப்புக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்கிறது: அது இல்லாமலும் இருக்கலாம். சிறிய பூலியனுக்கு இரண்டே நிலைகள். பெரிய பூலியன் என்பது ஓர் ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் மாறி. அது எதையுமே சுட்டாமல் 'நல்' என்ற வெற்றுக் குறியோடு நிற்கவும் முடியும். ஆக, நிலைகள் மூன்றாகிவிடுகின்றன. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெண்ணாற்றுக் கடைமடையில் உள்ள ஒரு விவசாயிகள் குழுவுக்குச் சிறிய நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் இறங்கிக் கடைமடை வாய்க்காலை எட்டத் தண்ணீருக்கு நாளாகும் என்பதால், அந்த நாள்களில் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் வந்ததா? குழுவினர் ஒவ்வொரு காலையும் வாய்க்கால் வாரியாக அதற்கு விடை பதிவார்கள். நிரல் இரவில் அனைத்தையும் தொகுத்து ஓர் அறிக்கை தரும். நான் சிறிய பூலியனைப் போட்டேன். ஆப்ஜெக்ட்டின் புலமாக வைக்கும் சிறிய பூலியனுக்கு நாம் எதுவும் கொடுக்காவிட்டால் ஜாவா தானாகவே 'ஃபால்ஸ்' கொடுத்துவிடும். முதல் நாளே ஒரு பெரியவர் தம் கைப்பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, நான் இன்னும் கரைப் பக்கமே போகவில்லை. அதற்குள் தண்ணீர் வரவில்லை என்று உங்கள் பெட்டிக்கு யார் சொன்னது?" அவருடைய பதிவேட்டில் அன்றைய கட்டம் காலியாக இருந்தது. என் திரையில் அதே கட்டம் சிவப்பில் 'இல்லை' என்றது.

உடனே பெரிய பூலியனுக்கு மாற்றினேன். காலிக் கட்டம் இப்போது 'நல்' ஆனது, திரை சரியாயிற்று. அன்று இரவே அறிக்கை பாதியில் நின்றது. நின்ற இடத்தில் 'தண்ணீர் வந்திருந்தால்' என்று சோதிக்கும் ஒரு சாதாரண 'இஃப்' வரி மட்டுமே இருந்தது. எந்த மெத்தடையும் நான் அழைக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனைக்காகக் கம்பைலர் பெரிய பூலியனைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாததால் நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை எழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கை இல்லாத கட்டைப் பிரிக்கப் போனால் இதுதான் நடக்கும். இதைவிட நுட்பமான இடம் ஒன்றும் உண்டு. கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இட்டு எழுதும் நிபந்தனைக் கோவையில் ஒரு பக்கம் சிறிய பூலியனும் மறுபக்கம் பெரிய பூலியனும் இருந்தால், கோவை முழுவதற்கும் சிறிய வகையே கொள்ளப்படும். பெரியது தேர்வாகும்போது அது 'நல்' ஆக இருந்தால், விடையைப் பெரிய பூலியன் மாறியில் போட்டாலும் நிரல் அங்கேயே விழும். அனுபவசாலிகளும் சறுக்குகிற இடம் இது.

கடைசியில் இரண்டு பூலியனையும் எடுத்துவிட்டு, 'வந்தது', 'வரவில்லை', 'பார்க்கவில்லை' என்று மூன்று பெயர்களை மட்டுமே மதிப்பாக ஏற்கும் வகை ஒன்றை, அதாவது ஓர் 'ஈனம்' (enum) எழுதினேன். (தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், புழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம்.) சில வாரங்களில் முறைப் பாசனம் தொடங்கியது. ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் வராததற்கு அன்று அதன் முறை இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம் என்று குழுவினர் சொன்னபோது, 'முறை இல்லை' என்று நான்காவது பெயரைச் சேர்ப்பதற்கு எனக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. பூலியனில் நின்றிருந்தால் இன்னொரு பூலியனை ஒட்டவைத்து, இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் நிலைகளுக்கும் பதில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

உங்கள் திட்டப்பணிக்கு வருகிறேன். விடை எப்போதும் தெரிந்தே இருக்கும் இடத்தில் சிறிய பூலியனைப் போடுங்கள். தொகுப்புக்குள் போடவோ, தரவுத்தளத்தின் காலிக் கட்டத்தை உள்ளே வாங்கவோ வேண்டிய இடத்தில் பெரியது தவிர்க்க முடியாதது. அங்கே வாசலிலேயே 'நல்' ஐச் சோதித்துவிட்டு உள்ளே விடுங்கள். 'தெரியாது' என்பதே உங்கள் துறையில் ஒரு விடை என்றால் அதற்குப் பெயர் வையுங்கள். வெற்றுக் குறிக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்காதீர்கள். இன்னொன்று: 'நியூ' போட்டுப் பூலியன் ஆப்ஜெக்ட் உருவாக்கும் பழைய பாடநூல் வழக்கத்தைக் கைவிடுங்கள். அப்படி உருவாக்கிய இரண்டு 'ட்ரூ'க்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் விடை 'ஃபால்ஸ்' என்று வரும், ஏனெனில் அந்தக் குறி கேட்பது இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்பதை. 'வேல்யூஆஃப்' என்ற மெத்தட், இருக்கிற இரண்டு ஆப்ஜெக்ட்டுகளில் ஒன்றையே எப்போதும் எடுத்துத் தரும். பழைய வழி 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் கைவிடத்தக்கது என்றும், 2021-இல் வந்த பதினாறாம் பதிப்பில் நீக்கப்பட இருப்பது என்றும் குறிக்கப்பட்டுவிட்டது. நினைவகம் வீணாகுமே என்ற கவலை பெரிதும் இந்தப் பழைய வழியால் வந்ததுதான். இலட்சக்கணக்கில் ஆம்-இல்லைகளை அடுக்க வேண்டியிருந்தால், மதிப்புக்கு ஒரு பிட் மட்டும் செலவிடும் பிட்செட் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபால்ஸ்' மதிப்பைப் பூலியன் ஆப்ஜெக்ட்டாக வைத்தேன். அதை 'ஃபால்ஸ்' உடன் சமமா என்று கேட்டால் ஆம் என்கிறது. அதையே 'இஃப்' இல் கொடுத்தால் உள்ளே நுழைந்துவிடுகிறது. எதை நம்புவது?
(இணையதள வடிவமைப்பாளர், மயிலாடுதுறை)

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 'இஃப்' ஒரு மதிப்பை மெய்யா பொய்யா என்று தரம் பிரிக்கும்போது, அது ஆப்ஜெக்ட் என்று தெரிந்தவுடனே மெய் என்று முடிவுகட்டிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை. இரட்டைச் சமக்குறியோ ஒரு பக்கம் ஆப்ஜெக்ட்டும் மறுபக்கம் எளிய மதிப்பும் இருந்தால் ஆப்ஜெக்ட்டைத் திறந்து, உள்ளிருக்கும் மதிப்பை எடுத்து ஒப்பிடுகிறது. மூட்டையை எண்ணும் ஆளும் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நெல்லைப் பார்க்கும் ஆளும் ஒரே லாரியைப் பற்றி வெவ்வேறு கணக்கு சொல்வதைப் போன்றது இது. மூன்று சமக்குறி போட்டால் திறப்பதே இல்லை. சமமில்லை என்று சொல்லிவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் 'நியூ' போட்டுப் பூலியன் உருவாக்க நியாயமான தேவை எதையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. எளிய மதிப்பின் மீது மெத்தடை அழைக்கும்போது மொழியே தற்காலிகமாக அதற்கு ஆப்ஜெக்ட் வடிவம் கொடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. 'நியூ' இல்லாமல் பூலியனைச் சாதாரண ஃபங்ஷனாக அழைப்பது வேறு. அது எந்த மதிப்பையும் மெய், பொய் ஆக்கித் தரும் பயனுள்ள கருவி. ஆனால் 'ஃபால்ஸ்' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுத்துச்சரமாகக் கொடுத்தால் அது காலியான சரம் இல்லை என்பதால் மெய் என்றே வரும்.

கேள்வி: ஜாவாவில் ஒரு மெத்தடுக்குப் பெரிய பூலியனை அனுப்பி, உள்ளே அதை 'ட்ரூ' ஆக மாற்றுகிறேன். வெளியே வந்து பார்த்தால் பழைய மதிப்பே இருக்கிறது. ஆப்ஜெக்ட் என்றால் உள்ளே செய்த மாற்றம் வெளியேயும் தெரிய வேண்டாமா?
(மென்பொருள் பயிற்சியாளர், திருவாரூர்)

பதில்: ஆப்ஜெக்ட்டின் உள்ளடக்கத்தை மாற்றினால் தெரியும். பூலியன் ஆப்ஜெக்ட்டின் உள்ளடக்கத்தை யாராலும் மாற்ற முடியாது. நீங்கள் மெத்தடுக்குக் கொடுத்தது, ஒரு வீட்டின் முகவரி எழுதிய சீட்டின் நகல். மெத்தட் தன் சீட்டில் பழைய முகவரியை அடித்துவிட்டு வேறு வீட்டு முகவரியை எழுதிக்கொண்டது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சீட்டு அதனால் மாறாது, வீடும் இடம்பெயராது. மாறிய மதிப்பு வேண்டுமானால் மெத்தட் அதைத் திருப்பித் தரட்டும். பல த்ரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) பார்த்து மாற்ற வேண்டிய ஆம்-இல்லை அடையாளமாக இருந்தால் அதற்கென்றே அட்டாமிக்பூலியன் இருக்கிறது.

த்ரெட் என்றதும் நினைவுக்கு வருகிறது: பெரிய பூலியனைப் பூட்டாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி 'சிங்க்ரனைஸ்' செய்யும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். நிரல் முழுவதற்கும் பொதுவாக இருப்பவை ஒரு 'ட்ரூ', ஒரு 'ஃபால்ஸ்' மட்டுமே. ஊருக்கே இரண்டு பூட்டுகள் என்றால் யார் வீட்டை யார் பூட்டியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? பதினாறாம் பதிப்பிலிருந்து கம்பைலரே இதை எச்சரிக்கிறது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தரவுத்தளத்தில் 312 படகுகள். உரிமம் புதுப்பிக்கப்பட்டவை என்று கேட்டால் 187 வருகின்றன. புதுப்பிக்கப்படாதவை என்று கேட்டால் 94. மீதி 31 படகுகள் எங்கே போயின?
(சங்க அலுவலக உதவியாளர், நாகப்பட்டினம்)

பதில்: எங்கும் போகவில்லை, அந்த 31 வரிசைகளில் உரிமக் கட்டம் காலியாக இருக்கும். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியில் காலிக் கட்டத்தை எதனோடு ஒப்பிட்டாலும் விடை மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. 'அறியப்படாதது' என்ற மூன்றாம் விடை வரும். 'வேர்' நிபந்தனை மெய்யானவற்றை மட்டுமே வெளியே விடும். 'அறியப்படாதது' என்பதற்கு முன்னால் 'நாட்' போட்டாலும் அது அறியப்படாததாகவே நிற்கும் என்பதால், இரண்டு கேள்விகளிலும் அந்தப் படகுகள் வெளியே வரவில்லை. 'இஸ் நல்' என்று கேட்டுப் பாருங்கள், 31-உம் வரும்.

இந்த மூன்று மதிப்புத் தருக்கத்துக்கென்று ஒழுங்கான விதிகள் உண்டு. தெரியாதது ஒன்றும் பொய் ஒன்றும் 'ஆண்ட்' ஆல் சேர்ந்தால் பொய்யே. தெரியாதது எதுவாக இருந்தாலும் முடிவு மாறாது அல்லவா? தெரியாததும் மெய்யும் 'ஆர்' ஆல் சேர்ந்தால் மெய். சி ஷார்ப் மொழியில் 2005 முதல் இருக்கும் நல்லபிள் பூலியனும் (காலியாகவும் இருக்கக்கூடிய பூலியன்) ஒற்றை 'ஆண்ட்', 'ஆர்' குறிகளுக்கு இதே விதிகளைத்தான் பின்பற்றுகிறது. ஜாவாவின் பெரிய பூலியனில் இந்த ஒழுங்கு இல்லை; 'நல்' ஐத் தொட்டால் விழுந்துவிடும். ஆகவே தரவுத்தளத்தின் காலிக் கட்டத்தைப் பெரிய பூலியனாக வாங்கினால் அங்கிருந்த தருக்கமும் கூடவே வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 31 படகுகளுக்கும் உரிமையாளர்களைக் கேட்டுக் கட்டத்தை நிரப்பிய பிறகு, இனிக் காலியாக விட முடியாதபடி 'நாட் நல்' என்று அந்தக் கட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: படிவத்தில் விவசாயி 'ஆம்' என்று தட்டச்சு செய்கிறார். எழுத்துச்சரத்தைப் பூலியனாக்கித் தரும் ஜாவாவின் 'பார்ஸ்பூலியன்' அதைப் பொய் என்கிறது. தமிழ் தெரியாததாலா?
(தஞ்சாவூர்)

பதில்: ஆங்கில 'எஸ்' கொடுத்தாலும், 1 கொடுத்தாலும் பொய் என்றுதான் சொல்லும். 'ட்ரூ' (true) என்ற நான்கெழுத்துச் சொல் ஒன்றே, பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, அதற்கு மெய்; முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் அதுவும் பொய். புரியாதவை அனைத்தையும் குறை சொல்லாமல் பொய் என்று ஏற்றுக்கொள்வதுதான் இதன் ஆபத்து. 'ஆம்', 'ஆமாம்', 'இல்லை' ஆகியவற்றை நீங்களே ஒரு மேப்பில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத சொல் வந்தால் பிழை காட்டுங்கள். பெயரைப் பார்த்து 'கெட்பூலியன்' பக்கம் போய்விடாதீர்கள். அது நீங்கள் கொடுக்கும் சொல்லைப் படிக்காது, அந்தப் பெயரில் சிஸ்டம் ப்ராபர்ட்டி (நிரல் ஓடும் சூழலின் அமைப்பு) இருக்கிறதா என்று தேடப் போய்விடும்.

கேள்வி: பேத்தி கணினி படிக்கிறாள். 'பூலியன்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று என்னைக் கேட்டாள். பூல் என்பவர் யார்? எல்லாவற்றுக்கும் இரண்டே விடை என்பது இலக்கணம் படித்த எனக்கு ஒப்பவில்லை.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு)

பதில்: ஐயா, ஜார்ஜ் பூல் 1815-இல் இங்கிலாந்தின் லிங்கனில் பிறந்து, அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்து, 1864-இல் மறைந்தவர். சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதலாம் என்று 1854-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 1 என்பது அனைத்தும், 0 என்பது ஏதுமின்மை. அவர் காலத்தில் கணினி இல்லை. கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் இந்த இயற்கணிதம் மின்சுற்றுகளில் இணைப்பைத் திறந்து மூடும் ரிலேக்களுக்குப் பொருந்தும் என்று காட்டிய பிறகே அது பொறியியலுக்குள் வந்தது. ஆளின் பெயரால் அமைந்த சொல் என்பதால் பூலியன் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மதிப்புகளை மெய், பொய் என்று பேத்தி எழுதட்டும்; 'ஆம்', 'இல்லை' என்பவை ஒரு கேள்விக்குச் சொல்லும் விடைகள், மெய்யும் பொய்யும் ஒரு கூற்றின் தன்மைகள்.

உங்கள் மறுப்பு நியாயமானது. 'இது செய்வாயா?' என்ற கேள்விக்கு 'செய்வேன்' என்பது நேர் விடை, 'செய்யேன்' என்பது மறை விடை. பூலியன் இவ்விரண்டோடு நின்றுவிடுகிறது. 'நீயே செய்' என்ற ஏவலும், 'செய்யாமல் இருப்பேனா?' என்ற எதிர்வினாவும், 'உடம்பு நோகிறது' என்று உற்றதை உரைப்பதும் மனிதர்கள் அன்றாடம் தரும் விடைகளே. நம் இலக்கணம் விடையை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறது. பேத்தியிடம் அந்த எட்டையும் சொல்லி, ஜாவாவில் ஓர் ஈனமாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஜாவா அடையாளப் பெயர்களில் தமிழ் எழுத்துகளை ஏற்கும். ஆகவே 'நேர்', 'மறை', 'ஏவல்' என்று தமிழிலேயே அவள் எழுதலாம். 'உற்றது உரைத்தல்' என்பதில் மட்டும் இடைவெளியை எடுத்துவிட்டுச் சேர்த்து எழுத வேண்டும்.